‘நைஸ்’ என்றால் என்ன என்று கேட்பவர்

“நைஸ் எண்டால்?” என்று கேட்டுவிட்டுப் பத்மாசினி ரீச்சர் பதிலுக்காகக் காத்து நின்றார்.

உரும்பிராய்ச் சந்தியில் மரக்கறி விற்கும் லூர்த்தம்மாவிடம்தான் இந்தக் கேள்வி. ரீச்சரின் ஒழுங்கைக்குப் புதிதாக வாடகைக்கு வந்திருக்கும் குடும்பம் எப்படி என்று ரீச்சர்தான் பேச்சை எடுத்தார். கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே “நல்ல நைஸான ஆக்கள்” என்று லூர்த்தம்மா சொன்னாள். அதோடு கத்தரிக்காய் வியாபாரம் நின்றுவிட்டது.

“அவை வந்து ஒரு கிழமைதானே. உனக்கு என்னெண்டு தெரியும்?”

“கண்டால் சிரிக்கினம் ரீச்சர்.”

“அப்ப சிரிக்கினம் எண்டு சொல்லு. அது நீ கண்டது. நைஸ் எண்டது நீ காணாதது.”

லூர்த்தம்மா ஒரு கத்தரிக்காயைக் கூடுதலாகப் போட்டுப் பையை நீட்டினாள். ரீச்சர் அந்தக் கூடுதல் கத்தரிக்காயை வெளியே எடுத்து, காம்பைத் திருப்பிப் புழு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மீண்டும் உள்ளே போட்டார்.

ஓய்வுபெறும்வரை வலிகாமத்துப் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படிப்பித்தவர் அவர். கட்டுரையில் ‘நைஸ்’ என்று எழுதிய பிள்ளைக்குச் சிவப்பு மையால் ஒரு வட்டமும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் கிடைக்கும். அவரிடம் படித்து இப்போது கனடாவில் வீடு வாங்கி விற்கிற ஒருவன், விளம்பரத்தில் அந்தச் சொல்லை எழுத இன்றைக்கும் கை கூசுவதாகச் சொல்லியிருக்கிறான். வீடு விற்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்பதைப் பற்றி ரீச்சருக்குக் கவலையில்லை.

ஆள் சின்ன உருவம். வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை. தோள்பைக்குள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய போத்தல். காய்ச்சி இறக்கிய பாலையும் மணந்து பார்ப்பார். மாம்பழக்காரன் தானாகத் தெரிந்தெடுத்துத் தருகிற பழத்தை வாங்கமாட்டார். பஸ்சில் கண்டக்டர் “உள்ளுக்கை இடமிருக்கு” என்றால், எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மிதிபலகையில் கால் வைப்பார். கணவர் சோமசேகரம், “ராத்திரி நல்ல நித்திரை” என்று சொன்னால், “பின்னை என்னத்துக்கு எழும்பி எழும்பித் தண்ணி குடிச்சனீங்கள்?” என்று கேட்பார். சோமசேகரத்தார் அதற்கும் சிரிப்பார். அவருக்கு இந்த உலகத்தில் எல்லாமே பறவாயில்லை.

‘நைஸ்’ மேல் ரீச்சருக்கு இருப்பது கண்மூடித்தனமான வெறுப்பு என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு சம்பந்தம் வந்தால் பாட்டன் பூட்டன்வரை போய் விசாரிப்பதுபோல அந்தச் சொல்லையும் விசாரித்து முடித்திருக்கிறார். அது லத்தீனில் பிறந்தது. ‘இல்லை’ என்பதும் ‘அறிதல்’ என்பதும் கூடிப் பெற்ற பிள்ளை. அதனால் பிறந்தபோது அதற்கு ‘அறியாதவன்’ என்று பெயர். பிரான்சுக்குப் போய் ‘மடையன்’ ஆனது. ஏறக்குறைய எழுநூறு வருசத்துக்கு முன்பு கடல் கடந்து இங்கிலாந்தில் இறங்கியபோதும் அதே மடையன்தான். அங்கே கொஞ்சக்காலம் ஒழுக்கம் கெட்டுத் திரிந்தது. பிறகு என்ன நினைத்ததோ, வெட்கப்படத் தொடங்கியது. வெட்கம் முற்றி, தொட்டதற்கெல்லாம் நொட்டை சொல்லும் ஆளாக மாறியது. நொட்டை பிடிக்கிறவருக்குக் கண் கூர்மை என்பதால் ‘நுணுக்கம்’ என்ற பட்டம் வந்தது. நுணுக்கம் மெல்ல மென்மையாகி, மென்மை இனிமையாகி, கடைசியில் ‘நல்லது’ என்று பெயர் எடுத்துக்கொண்டு பெரிய மனிதர் வீட்டுக் கதிரையில் ஏறி இருந்துவிட்டது.

“ஊருக்கு ஊர் பேரை மாத்தின ஒருத்தனுக்கு நீங்கள் பொம்பிளை குடுப்பியளோ?” என்று கேட்பார். கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் தேத்தண்ணியைக் குடித்து முடித்து எழும்பப் பார்ப்பார்.

யாழ்ப்பாணத்துக்கு வந்த பிறகும் அது ஒரு நிலையில் நிற்கவில்லை. மில்லுக்குப் போனால் மாவை ‘நைசா’ அரைத்துத் தரச் சொல்கிறார்கள். பொலிசைக் கண்டவன் ‘நைசா’க் கழன்றுவிடுகிறான். மென்மையும் கள்ளமும் ஒரே சொல்லில் குடியிருப்பது பலருக்கு வியப்பு. ரீச்சருக்கு இல்லை. சொரசொரப்பு இல்லாத எதுவும் கைப்பிடியில் நிற்காது என்பது அவர் கட்சி. பிஸ்கட்டில் அச்சடித்திருக்கிற நைஸ் ஒன்றை மட்டும் மன்னித்திருக்கிறார். அது ஏதோ பிரெஞ்சு ஊரின் பெயராம். ஆட்களைப் பற்றிப் பேசும்போது வருகிற நைஸ்தான் ஆபத்தானது. தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவர்களும், தெரிந்ததைச் சொல்லப் பயப்படுகிறவர்களும் எடுத்துப் போர்த்திக்கொள்கிற சொல் அது. அறியாமையில் பிறந்து, உலகம் சுற்றி, மறுபடி அறியாதவர் வாயிலேயே வந்து குந்தியிருக்கிறது என்பார்.

இந்தச் சந்தேகம் அகராதியில் தொடங்கியது அல்ல. அக்காவில் தொடங்கியது.

அக்காவுக்கு மாப்பிள்ளை பேசியபோது பத்மாசினிக்குப் பள்ளிக்கூடம் முடிகிற வயது. தகப்பனார் போய் விசாரித்தார். மாப்பிள்ளையின் ஊரில் ஆரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: நல்ல நைஸான மனிசன். கலியாணம் முடிந்து முதல் மாசத்திலேயே அந்த நைஸான மனிசன் கை நீட்டினான். பிறகு கட்டையால் அடித்தான். அக்கா ஒரு காதின் கேட்கும் சக்தியை அவனிடம் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பி வந்தார். அப்போது அந்த ஊர்ச் சனம் சொன்னதை ரீச்சரால் இன்றைக்கும் பொறுக்க முடியாது. “உவன் உப்பிடி எண்டு எங்களுக்கு முந்தியே தெரியும்” என்றார்கள். கேட்டபோது தெரியாதவர்கள், அடி விழுந்த பிறகு முந்தியே தெரிந்தவர்கள் ஆகிவிட்டார்கள். அந்தக் கோபம் நாற்பது வருசமாகியும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று ரீச்சர் நினைத்ததும் இல்லை.

ஆகவே தன் ஒரே மகள் ஆரணிக்குச் சம்பந்தங்கள் வரத்தொடங்கியபோது, விசாரிக்கும் வேலையை அவர் ஆரிடமும் விடவில்லை. அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். சொந்தக்காரரைக் கேட்கக் கூடாது, மூடுவார்கள். எல்லை வேலிக்காரரைக் கேட்கக் கூடாது, வேலிச்சண்டை இருந்தால் கூட்டிச் சொல்வார்கள். அக்கம்பக்கத்து வீட்டு வளவுகளில் கூலிக்கு வேலை செய்கிற ஆள்தான் சரியான சாட்சி. முதலில் அந்த ஊரில் இல்லாத ஒருவரின் வீட்டைக் கேட்கவேண்டும். பேச்சு வளர்ந்ததும் மாப்பிள்ளை மேல் ஒரு பழியைத் தூக்கிப் போடவேண்டும். பழி பொய்யானால் அந்தச் சாட்சி துள்ளி எழும்புவார். உண்மையானால் குரல் இறங்கும், கண் வேறு பக்கம் போகும், பிறகு “சேச்சே, நல்ல நைஸ் பெடியன்” என்று வரும். அது வந்ததும் ரீச்சர் குடையை விரித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். விசாரிக்கப் போன ஊரில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வாயில் வைக்கமாட்டார். சம்பந்தம் முற்றாகாத இடத்தில் தண்ணி குடித்தால் அது அரைச் சம்மதம் என்பது எங்கடை ஆட்களின் வழக்கம். போத்தல் அதற்குத்தான்.

இந்த முறையால் ஆரணிக்கு வந்த நல்லதும் கெட்டதும் எல்லாம் ஒன்றாகக் கழிந்துபோயின. ஆரணிக்கும் முப்பது தாண்டிவிட்டது.

கடைசியாக, சோமசேகரத்தாரின் மருமகன் முறையான கோபிசங்கர் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தான். மீசாலையில் ஒரு குடும்பம். பெடியன் நிருஷன், விவசாயப் போதனாசிரியர். ஆரணிக்குச் சாவகச்சேரியில் ஒரு அலுவலகத்தில் வேலை. கோபிசங்கர் பெடியனின் படத்தையும் போன் நம்பரையும் கொடுக்க, இருவரும் கதைக்கத் தொடங்கினார்கள். சில கிழமைகள் போனதும் ஆரணி தனக்குச் சம்மதம் என்றாள்.

“ஆள் எப்பிடி?” என்று ரீச்சர் கேட்டார்.

ஆரணி சட்டையை மடித்துக்கொண்டே, “நைஸ், அம்மா” என்றாள்.

ரீச்சர் மகளின் முகத்தைப் பார்த்தார். மற்றவர்கள் சொன்னால் வேறு. அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தாலாட்டுப்போலக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவள். அவள் வாயிலிருந்து அது வந்தால், தெரியாமல் வரவில்லை. எதையோ மூடத்தான் வந்திருக்கிறது.

மகளும் தாயின் முகத்தைப் படித்துவிட்டாள். “அம்மா, போய் விசாரிக்கப் போறியள் எண்டு எனக்குத் தெரியும். போங்கோ. ஆனா இதையும் குழப்பினால், இனி என்ரை கலியாணத்தைப் பற்றி ஒருநாளும் என்னோடை கதைக்காதேங்கோ.” சத்தம் போடாமல் சொன்னாள். அதுதான் ரீச்சரைப் பயப்படுத்தியது.

அடுத்த சனிக்கிழமை ரீச்சர் குடையும் போத்தலுமாக மீசாலையில் இறங்கினார். பிள்ளையார் கோயிலுக்கு அடுத்த ஒழுங்கை, பச்சைக் கேற். கோபிசங்கர் சொன்ன அடையாளம் சரியாக இருந்தது. கேற்றைக் கடந்து அடுத்த வளவுப் படலையடிக்கு வந்து உள்ளே பார்த்தார். இரண்டு வளவுக்கும் இடையிலான வேலியை அடைத்துக்கொண்டு ஒரு மனிதர் நின்றார். சாரம் மடித்துக் கட்டி, வெறும் மேலோடு, கையில் கயிறு கோத்த நீளமான குத்தூசி. பழைய தென்னோலைக் கிடுகை இழுத்து எறிந்துவிட்டுப் புதியதை வைத்துக் கட்டுகிற வேலை. பக்கத்து வளவுக்குள் நிற்கிற கூலி ஆள். ரீச்சருக்கு இதைவிடத் தோதான சாட்சி கிடைக்காது.

“அண்ணை, இஞ்சை தபால்கந்தோர்க் கந்தப்புவின்ரை வீடு எது?”

“அப்பிடி ஒருத்தர் இந்தப் பக்கம் இல்லைத் தங்கச்சி.” அவர் குத்தூசியை வேலிக்குள் தள்ளினார். ஊசி கயிற்றோடு அந்தப் பக்கம் போய், கொஞ்சம் மேலால் திரும்பி வந்தது. அவர் கயிற்றை இழுத்து இறுக்கினார்.

“அப்ப உந்தப் பச்சைக் கேற் ஆருடையது?”

“முருகேசுவின்ரை.”

“அவருக்கு ஒரு பெடியன் இருக்கிறாராமே. கொஞ்சம் குடிவெறி எண்டு சந்தியிலை கதைச்சினம்.”

அவர் துள்ளவில்லை. குரலும் இறங்கவில்லை. ஊசியைத் தள்ளிக்கொண்டே, “சந்தியிலை அப்பிடிக் கதைக்கமாட்டினம்” என்றார். “சந்தியிலை எல்லாரையும் நல்லமாதிரித்தான் கதைப்பினம். பெடியனுக்குக் குடி இல்லை. ஆனா வேறை ஒண்டு இருக்கு.”

ரீச்சர் படலையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்.

“ஒரு நாலைஞ்சு வருசத்துக்கு முந்தி அவனுக்கு ஒரு கலியாணம் பேசி, நாளும் வைச்சாச்சு. அந்தப் பிள்ளை கடைசி நேரத்திலை மாட்டன் எண்டிட்டுது. அதோடை பெடியன் விழுந்திட்டான். சாப்பிடான், குளிக்கான், அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தான். ஒருநாள் தகப்பன்ரை கையைப் பிடிச்சு, தனக்கு உயிரோடை இருக்க விருப்பமில்லை எண்டு சொன்னவன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வைச்சு, கனகாலம் மருந்து எடுத்தது. இப்ப நல்ல சுகம். மருந்தும் டொக்டர் நிப்பாட்டிப்போட்டார். எண்டாலும் நடந்தது நடந்ததுதானே.”

வேலிக்குள் போன ஊசி திரும்பி வரவில்லை. அவர் வெறுங்கையை வேலியில் வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். கயிறு எங்கோ சிக்கிவிட்டது என்று ரீச்சர் நினைத்தார். சற்றுப் பொறுத்து ஊசி மெதுவாக வெளியே வந்தது.

மற்ற நாளென்றால் இந்நேரம் ரீச்சர் குடையை விரித்திருப்பார். ஒரு சம்பந்தத்தை முறிக்க இதைவிட என்ன வேண்டும்? ஆனால் கால் எழும்பவில்லை. விசாரிக்கப் போன இடமெல்லாம் ஊர் அவருக்கு நைஸ் என்று பூசி மெழுகி அனுப்பியிருக்கிறது. கேட்டதற்கு இப்படி ஒரு பதிலை வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்கிறார்.

“இதை ஏன் எனக்குச் சொல்லுறியள்?”

“நீங்கள் கேட்டியள்தானே. வேறை ஆக்களும் வந்தவை. நல்ல பெடியனோ எண்டு கேப்பினம், ஓம் எண்டால் போயிடுவினம். கூடாதது என்ன எண்டு ஆரும் கேக்கேல்லை.”

ரீச்சருக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது. “தகப்பன் எப்பிடி?” என்று தொடர்ந்தார்.

“தகப்பன் சரியான பிடிவாதக்காரன். மதில் கட்டுவம் எண்டு பெடியன் சொல்லிச் சொல்லிக் களைச்சிட்டான். வேலிதான் வேணும் எண்டு நிக்கிறான். தான் பிடிச்ச முயலுக்கு மூண்டு கால்.”

“தாய்?”

“தாய் அருமையான மனுசி. அதிலை பொய்யில்லை. கறிக்கு உப்புத்தான் கொஞ்சம் கூடப் போடுவா.”

“உப்பைப் பற்றிப் பிறகு கதைக்கலாம்” என்று வேலி பேசியது. “முதல் கயித்தை இறுக்குங்கோ. கை நோகுது எனக்கு.”

ரீச்சர் வேலியை இப்போதுதான் பார்த்தார். கிடுகு வேலியை ஒற்றை ஆளாக அடைக்க முடியாது. ஊசியைத் தள்ள ஒருவர் இந்தப் பக்கம் நின்றால், அதை வாங்கித் திருப்பிக் குத்த இன்னொருவர் அந்தப் பக்கம் நிற்கத்தான் வேண்டும். அது உரும்பிராயில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஆயுள் முழுக்க எட்டிப் பார்த்தவர், வேலிக்குப் பின்னால் ஆர் நிற்கிறார்கள் என்று பார்க்க மறந்துபோனார். போன ஊசி தானாகத் திரும்பி வருகிறதாக்கும் என்று நின்று கதை கேட்டிருக்கிறார்.

“நான்தான் முருகேசு” என்றார் அந்த மனிதர், தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. “உங்கடை விசாரிப்பைப் பற்றிப் பிள்ளை நிருஷனுக்குச் சொல்லியிருக்கு. குடையோடை வந்து, ஊரிலை இல்லாத ஆளின்ரை வீட்டைக் கேட்டால் எங்களுக்கும் விளங்கும்தானே. நீங்கள் ஆரணியின்ரை அம்மா.”

“உங்கடை பெடியனைப் பற்றி நீங்களே உப்பிடி...”

“வேறை ஆர் சொல்லுறது? ஊர் சொல்லாது. நாளைக்கு உங்களுக்குத் தெரியவந்து, முந்தியே தெரிஞ்சும் மறைச்சவை எண்டு ஒரு சொல்லு வந்தால் என்னாலை தாங்கேலாது.”

வேலிக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி மீனாம்பிகையின் குரல் வந்தது. அழுது ஓய்ந்த குரல். “பிள்ளைக்குத் தெரியும் ரீச்சர். கதைக்கத் தொடங்கின உடனையே நிருஷன் எல்லாத்தையும் சொல்லிட்டான். அம்மாவுக்குத் தானே ஆறுதலாச் சொல்லுறன் எண்டு பிள்ளை சொன்னதாம். சொல்லேல்லைப் போலை.”

சொல்லவில்லை. சட்டையை மடித்துக்கொண்டு, ‘நைஸ், அம்மா’ என்று சொன்னாள். அந்தச் சொல்லால் ஆரணி மூடியது மாப்பிள்ளையின் குறையை என்று நினைத்துத்தான் ரீச்சர் இவ்வளவு தூரம் வந்தார். அவள் மூடியது தாயைப் பற்றிய பயத்தை. அக்கா புருசனின் ஊர்ச்சனம் அந்த முரடனுக்குப் பயந்து சொன்ன அதே சொல்லை, பெற்ற மகள் தனக்குப் பயந்து சொல்லியிருக்கிறாள். அது விளங்கியபோதுதான் ரீச்சருக்கு வெயில் உறைத்தது.

முருகேசு ஒரு கிடுகை எடுத்து வேலியில் சாத்தினார். “நாங்களும் விசாரிக்க வேணும்தானே. பிள்ளையின்ரை தாய் எப்பிடி ஆள் எண்டு ஆரைக் கேக்கலாம்?”

அவர் பகிடியாகத்தான் கேட்டார். ரீச்சர் பகிடியாக எடுக்கவில்லை.

“என்னையே கேளுங்கோ” என்றார். “அவள் சந்தேகக்காரி. பெத்த பிள்ளை உண்மையைச் சொல்லப் பயப்பிடுற அளவுக்குச் சந்தேகக்காரி. தமக்கைக்கு ஒருத்தன் அநியாயம் செய்தவன். அதுக்குப் பிறகு வந்த எல்லாரையும் அவனாத்தான் பாத்தாள். நல்லதுகளையும் குழப்பிப்போட்டாள். பிள்ளையிலை உயிர். அதிலை பொய்யில்லை.”

குத்தூசியின் முனை வேலிக்கு வெளியே எட்டிப் பார்த்தது. அதை வாங்க முருகேசு கை நீட்டவில்லை. எங்கோ ஒரு பலாமரத்தில் காகம் கத்தியது.

“சரியான வெயில்” என்றார் மீனாம்பிகை கடைசியில். “உள்ளுக்கை வந்து ஒரு வாய் தண்ணி...” என்று தொடங்கியவர், வழக்கம் நினைவுக்கு வந்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ரீச்சர் தோள்பைக்குள் கையை விட்டுப் போத்தலை எடுத்தார். அதில் உரும்பிராய்க் கிணற்றுத் தண்ணீர் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. மூடியைத் திருகி, வேலிக்கு நட்டுத் துளிர்த்து நின்ற பூவரசங் கதியாலின் அடியில் அவ்வளவையும் ஊற்றினார். பிறகு குடையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, கிடுகு இன்னும் கட்டாத இடைவெளிப் பொட்டுக்குள்ளால் வெறும் போத்தலை அந்தப் பக்கம் நீட்டினார்.